எதால் வகுப்பது?

கொழுப்பு மிகுந்த தீனி தின்று பருத்த சுண்டெலியின் கணையத் திட்டுகள் (இன்சுலின் சுரக்கும் செல்கள் திரண்ட சிறு கொத்துகள்), ஒல்லியான எலியின் திட்டுகளைவிடப் பெரியவை. எங்கள் துறையில் இதை அறியாதவர் இல்லை. உடல் இன்சுலினுக்குக் கட்டுப்பட மறுக்க மறுக்க, இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் பெருகி ஈடுகட்டப் பார்க்கின்றன, திட்டு வீங்குகிறது. ஆகவே 'ஒரு திட்டுக்கு இவ்வளவு இன்சுலின்' என்று கணக்கிட்டால், திட்டின் பருமனே பருத்த எலியின் எண்ணைத் தூக்கிவிடும். இதைப் பல வருடங்களாகச் சொல்லிவருகிறேன். ஆனால் அன்று சொன்னது வரைபடத்தைப் பார்த்த பிறகு. என்னை அரிப்பது அதுதான்.

வரைபடம் என்னுடன் வேலை செய்யும் ஆய்வு மாணவியுடையது. உடலே உண்டாக்கும், கஞ்சாப் பொருள்களைப் போலச் செயல்படும் எண்டோகன்னாபினாய்டுகள் வந்து ஒட்டும் சி.பி.1 ஏற்பியைத் தூண்டினால் இன்சுலின் சுரப்பு கூடுகிறதா? கூடினால், அந்தக் கூடுதல் பருத்த எலியில் இன்னும் பெரிதா? சுரப்பைத் தூண்டும் 16.7 மில்லிமோலார் குளுக்கோஸில், திட்டுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டபோது, பெரிதாகவே இருந்தது. பட்டைகளின் மேல், வித்தியாசம் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கது என்று காட்டும் நட்சத்திரக் குறிகளும் போட்டிருந்தாள். "திட்டுகளுக்குள் இருந்த மொத்த இன்சுலினால் வகுத்துப் பார்" என்றேன். அங்கேயே வகுத்தாள். இரு குழுக்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் போய்விட்டது.

"முடிவைப் பார்த்த பிறகுதானே அக்கா, வகுப்பதை மாற்றச் சொல்கிறீர்கள்?"

குரலில் கோபமில்லை. திரையைப் பார்த்தபடிதான் கேட்டாள்.

"இல்லைம்மா, இதை இப்படித்தான் வகுக்க வேண்டும்" என்றேன்.

"நட்சத்திரம் வராமல் இருந்திருந்தால் வகுக்கச் சொல்லியிருப்பீர்களா?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. திட்டுகளின் பருமனைப் பற்றிப் பேசினேன். பேசியதில் தவறு ஒன்றுமில்லை. சோதனை முடிந்ததும் திட்டுகளை அமில எத்தனாலில் போட்டு, உள்ளே எஞ்சிய இன்சுலினை எலைசா என்னும் எதிர்ப்பான் சோதனையில் அளக்க வேண்டும் என்று செய்முறையில் எழுதிவைத்தவள் நான்தான். வகுப்பதற்கு அல்லாமல் வேறு எதற்காக அதை அளப்பார்கள்? இந்த நியாயத்தை எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. ஒவ்வொரு முறையும் சரியாகவே படுகிறது. ஆனால் அவள் கேட்டது வகுப்பது சரியா என்பதை அல்லவே. எப்போது எனக்கு அது நினைவுக்கு வந்தது என்பதைக் கேட்டாள்.

அவளுடைய வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. பொதுப் பித்தநாளத்தின் வழியே திசுவைக் கரைத்துத் திட்டுகளை விடுவிக்கும் கொலாஜினேஸ் நொதியைச் செலுத்தும்போது கணையம் சீராக உப்ப வேண்டும். ஒரு ஓரம் உப்பாமல் போனால் அங்கிருக்கும் திட்டுகள் கிடைக்காது. அவள் கையில் அது உப்பும் விதமே தனி. பிறகு நுண்ணோக்கியின் கீழ், கருப்புப் பின்னணியில் வெளிறிய மணிகளாகக் கிடக்கும் திட்டுகளை ஒவ்வொன்றாகப் பிப்பெட்டால் பொறுக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். கண் பெரியதை நோக்கியே போகும். அதைத் தடுக்க, ஒரே பருமனுள்ளவற்றை மட்டும் பொறுக்கலாம் என்பார்கள். அப்படிப் பொறுக்கினால் ஒல்லி எலியிலிருந்து அதன் மிகப் பெரிய திட்டுகளும், பருத்த எலியிலிருந்து அதன் நடுத்தரத் திட்டுகளும் வந்து சேரும். இரண்டுமே அந்தந்த எலியின் உண்மையான பிரதிநிதிகள் அல்ல. அவள் பொறுக்கும் தட்டில் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் இருப்பதையெல்லாம் பருமன் பார்க்காமல் எடுத்தாள். அவ்வளவு கவனத்தோடு வந்த வரைபடத்தைத்தான் ஒரே வாக்கியத்தில் கலைக்கச் சொன்னேன்.

நான் தயங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சி.பி.1-ஐத் தடுக்கும் ரிமோனபாண்ட் உடல் பருமனுக்கான மருந்தாக 2006-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. எடை குறைந்தது, சர்க்கரை அளவும் மேம்பட்டது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடவே வந்தன. 2007-இல் அமெரிக்க ஆலோசனைக் குழு அதை ஏற்கவில்லை. 2008 அக்டோபரில் ஐரோப்பாவிலும் விற்பனை நிறுத்தப்பட்டது. அதன் பின் மூளைக்குள் நுழையாத தடுப்பான்களைத் தேடும் வேலை தொடங்கியது. ஈரல், கொழுப்புத் திசு, கணையம் ஆகியவற்றில் சி.பி.1 என்ன செய்கிறது என்ற கேள்விக்கு இத்தனை கனம் வந்ததில் அந்தத் தேடலுக்குப் பெரிய பங்கு உண்டு. 'உடல் பருமனில் பீட்டா செல்மீது சி.பி.1-இன் பிடி இறுகுகிறது' என்று ஒரு பட்டை வரைபடம் சொன்னால் அது எளிதில் பரவும். அந்த வரைபடம் திட்டின் பருமனை மட்டுமே அளந்திருந்தால்? ஒரு மருந்தால் மனிதர்கள் துன்பப்பட்ட பிறகு, இந்த எச்சரிக்கை எனக்குக் கடமையாகவே தோன்றுகிறது.

ஆனால் எச்சரிக்கைக்கும் ஒரு சாய்வு உண்டு. வித்தியாசம் இல்லை என்ற முடிவு எனக்கு நிம்மதி தந்தது. தந்தது என்பதாலேயே அதைச் சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகிக்க இடமும் இருக்கிறது. நீண்ட நாள் கொழுப்புத் தீனியில் இருக்கும் எலியின் பீட்டா செல் ஓயாமல் சுரக்கிறது, சேமிப்பு கரையலாம். உள்ளே இன்சுலின் குறைந்திருக்கும்போது அதால் வகுத்தால், பருத்த எலியின் எண் ஊதிப்பெருகும். திட்டு வளர்ந்து சேமிப்பும் வளர்ந்திருந்தால் எண் சுருங்கும். ஆக, நான் நடுநிலை என்று நம்பிய எண்ணையே நோய் மாற்றுகிறது. தூண்டாத நிலையோடு ஒப்பிட்டு 'இத்தனை மடங்கு' என்று சொல்லலாமே என்று கேட்பார்கள். பருத்த எலியின் திட்டு 2.8 மில்லிமோலார் குளுக்கோஸிலேயே கூடுதலாகச் சுரக்கப் பார்க்கும். அந்த அடித்தளத்தால் வகுத்தாலும் நோயால் வகுத்ததாகவே ஆகும். டி.என்.ஏ.வால் வகுத்தால் செல்களின் எண்ணிக்கை கிடைக்கும். ஆனால் திட்டில் வேறு ஹார்மோன்களைச் சுரக்கும் ஆல்ஃபா, டெல்டா செல்களும் இருக்கின்றன. உடல் பருமனில் மேக்ரோஃபேஜ்கள் என்னும் நோயெதிர்ப்பு செல்கள் வேறு வந்து குடியேறுகின்றன. நீரிழிவு எலிகளின் திட்டுகளில் பீட்டா செல் இழப்புக்கு அந்த மேக்ரோஃபேஜ்களின் சி.பி.1-தான் வழிவகுக்கிறது என்று 2013-இல் நேச்சர் மெடிசின் இதழில் ஒரு குழு காட்டியது. அப்படியானால் யாருடைய டி.என்.ஏ.வால் வகுக்கிறோம்?

எங்கள் துறையின் கட்டுரைகள் ஒன்றோடொன்று மோதுவதில் எனக்கு இப்போது வியப்பில்லை. சி.பி.1-ஐத் தூண்டினால் சுரப்பு குறைகிறது என்று சிலர், கூடுகிறது என்று சிலர். அந்த ஏற்பி பீட்டா செல்லில் இருக்கிறதா, ஆல்ஃபா செல்லில்தானா என்பதிலேயே இழுபறி. சி.பி.1-ஐத் தூண்டும் எண்டோகன்னாபினாய்டான அனந்தமைடு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் தப்பியதைத் திட்டின் நொதி சிதைக்கும். போதாக்குறைக்கு, பலரும் வாங்கும் சி57பிஎல்/6ஜே என்னும் ஆய்வக எலி வகைக்கு, மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு நொதிக்கான என்.என்.டி. மரபணுவில் ஒரு துண்டு கிடையாது. அதன் இன்சுலின் சுரப்பையே அது பாதிக்கிறது. அதன் உறவான 6என் எலி வகையில் அந்தக் குறை இல்லை. இத்தனைக்கும் மேல் வகுக்கும் எண்ணையும் அவரவர் விருப்பத்துக்கு விட்டால் என்ன மிஞ்சும்?

அதனால் ஒரு விதி வைத்தேன். எலி கொழுப்புத் தீனியைத் தொடுவதற்கு முன்பே, எதால் வகுக்கப்போகிறோம் என்று குறிப்பேட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். நல்ல விதி, இன்றும் மாணவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன். அடுத்த தொகுதியில் 'மொத்த இன்சுலினால்' என்று எழுதிக் கையெழுத்திட்டோம். எலைசா முடிவு வந்தபோது, பருத்த எலியின் திட்டுகளில் சேமிப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. "டி.என்.ஏ.வாலும் ஒருமுறை பார்த்துவிடலாமா?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் குறிப்பேட்டைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினாள்.

அப்போதும் என்னிடம் காரணம் இருந்தது, முதல் தடவையைவிட வலுவான காரணம். கண்ணெதிரே எண் கெட்டுக் கிடக்கும்போது, எழுதிவைத்தோம் என்பதற்காக அதாலேயே வகுத்து அச்சிடுவது நேர்மையா? அல்லது காரணம் கண்டுபிடிப்பதில் எனக்கு இருக்கும் தேர்ச்சிதான் இங்கே ஆபத்தா? ஒரு நாள் ஒன்று சரியென்று படுகிறது, மறுநாள் மற்றது.

கட்டுரையில் இரண்டு வரைபடங்களையும் வைத்தோம். முன்பே எழுதிவைத்தது முதலில், டி.என்.ஏ. கணக்கு அதன் பக்கத்தில், எது எப்போது முடிவானது என்ற குறிப்போடு. சுருக்கத்தை அவளையே எழுதச் சொன்னேன். உடல் பருமனில் சி.பி.1-இன் விளைவு கூடுகிறது என்றோ கூடவில்லை என்றோ அவள் எழுதவில்லை. வகுக்கும் எண்ணைப் பொறுத்து விடை மாறுகிறது என்று எழுதி நிறுத்தியிருக்கிறாள். உண்மைதான். ஆனாலும் படிப்பவர், இத்தனை எலிகளை வளர்த்த பிறகு நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்க மாட்டாரா? அந்த வரியைத் திருத்த வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எப்படித் திருத்துவது என்று அவளிடம் இன்னும் பேசவில்லை.