தரையில் அமர்ந்து பிழைப்பவர்களும் இடுப்பு மூட்டு அறுவையும்

இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு கையில் தரப்படும் அறிவுரைத் தாள், ஒரு குறிப்பிட்ட வகை மனிதரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம். அவர் உயரமான கட்டிலில் படுப்பார், கைப்பிடி வைத்த நாற்காலியில் அமர்வார், தளம் போட்ட கூடத்தில் நடப்பார். எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம், பாம்பன் கரையில் அப்படி வாழ்கிறவர்கள் குறைவு. வலை கட்டுகிறவர்கள் தரையில் அமர்ந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். கடற்பாசி எடுக்கும் பெண்கள் வத்தை என்னும் சிறு படகில் ஏறித் தீவுப் பக்கம் போய், நீரில் மூழ்கி எழுகிறார்கள். நான் உடற்கல்வி ஆசிரியன். எனக்கும் உட்கார்ந்த வேலை இல்லை.

எனக்கு வந்தது, தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு மடிந்துபோகும் நோய். நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து, மிகுந்த மதுப்பழக்கம், விபத்து ஆகியவை இதற்கு அறியப்பட்ட காரணங்கள். ஆழ்கடலில் மூழ்கி விரைந்து மேலேறுகிறவர்களுக்கும் இது வருவதுண்டு. முதுமையில் வரும் தேய்மானத்தைப் போலன்றி, உழைக்கும் வயதிலேயே இது ஆளைப் பிடித்துவிடுகிறது. இடுப்பு மூட்டின் வலி பெரும்பாலும் தொடை இடுக்கிலும் சில வேளைகளில் முழங்காலிலும் தெரியும் என்பதால், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே காலம் கடத்துகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய.

அறுவைக்கு மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். பழைய வலி போயிருந்தது. சுறுசுறுப்பாக இருந்து பழகியவர்களுக்குச் சிக்கல் தொடங்குவது இங்கேதான். சிமென்ட் இல்லாமல் பொருத்தப்படும் மூட்டில், உலோகத்தின் சொரசொரப்பான மேற்பரப்புக்குள் எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்ளச் சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை ஆகும். ஆனால் வலி அதற்கு வெகு முன்பே அடங்கிவிடுகிறது. காங்கிரீட் போட்ட மறுநாளே மேல்பரப்பு காய்ந்துவிட்டது என்று சென்ட்ரிங்கைப் பிரிப்பவர் யாரும் இல்லை. உடம்பு விஷயத்தில் மட்டும் நாம் அதைச் செய்யத் துணிகிறோம். சிமென்ட் வைத்துப் பொருத்தியவர்களுக்கு மூட்டு உடனே இறுகிவிடும் என்றாலும், வெட்டித் தைத்த தசைக்கும் மூட்டுறைக்கும் ஆறுவதற்குக் காலம் வேண்டும்.

என்னோடு பிசியோதெரபிக்கு வந்த பாம்பன் அண்ணன் ஒருவர், பல ஆண்டுகள் நாட்டுப்படகில் போனவர். "வலிக்குதான்னு எல்லாரும் கேக்குறாக சார், வேலைக்கு எப்பப் போகலாம்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாக" என்று ஒருநாள் சலித்துக்கொண்டார். எங்கள் இருவருக்குமே மூட்டின் பின்பக்கமாகத் திறந்து அறுவை செய்திருந்தார்கள். அவ்வாறு செய்தால், இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, காலை உட்புறமாகத் திருப்பக் கூடாது என்று தொடக்க வாரங்களுக்குச் சொல்வது வழக்கம். மீறினால் மூட்டின் பந்து, அது பொருந்தியிருக்கும் கிண்ணத்தைவிட்டு நழுவக்கூடும். தரையில் குனிந்து வலை கட்டுவதில் இவை பெரும்பாலும் வந்துவிடும். அவர் வலையின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மீன்பெட்டிகளை அடுக்கி மேலே பலகை போட்டு, முழங்காலைவிட இடுப்பு உயர்ந்திருக்கும்படி அமர்ந்து, கால் செய்த வேலையைத் தூணிடம் ஒப்படைத்துவிட்டார். பிசியோதெரபி செய்யும் தம்பி அந்த ஏற்பாட்டைக் கைபேசியில் படமெடுத்து வரச் சொல்லிப் பார்த்து, பெட்டியை இன்னும் ஒன்று உயர்த்தச் சொன்னார். எந்தத் தாளிலும் இல்லாத அறிவுரை அது.

படகேறுவது வேறு கதை. இடுப்பளவு நீரில் நின்று, விளிம்பைப் பிடித்து, காலைத் தூக்கி உள்ளே வீசும்போது மடக்குவதும் திருகுவதும் ஒரே நொடியில் நடக்கின்றன. அதற்கு மேல் அலை வேறு தள்ளுகிறது. ஆகவே மருத்துவரிடம் "கடலுக்குப் போகலாமா" என்று பொதுவாகக் கேட்பதைவிட, அந்த அசைவை அவர் முன்னால் செய்து காட்டிக் கேட்பதே நல்லது. மேசைக்கு அப்பால் இருப்பவர் படகேறியிருக்க வாய்ப்பு குறைவு.

மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளகிய மணலில் கால் புதையும்போது இடுப்பின் பக்கவாட்டுத் தசை மிகுதியாக உழைக்கிறது, அந்தத் தசையோ அறுவைக்கு முன்பே மாதக்கணக்கில் நொண்டி நடந்து மெலிந்து போயிருக்கும். நீர் வற்றும்போது இறுகிக் கிடக்கும் ஈரமணல் அதைவிட நல்லது, ஆனாலும் கரை கடலை நோக்கிச் சரிவதால் ஒரே திசையில் நடந்தால் ஒரு கால் எப்போதும் தாழ்வில்தான் இருக்கும். புதிய மூட்டு வைத்த கால் நீண்டுவிட்டது போன்ற உணர்வு தொடக்கத்தில் பலருக்கும் இருக்கும். சரிவு அதைக் கூட்டிக் காட்டும். அரியமான் கரையை விட்டுவிட்டு நான் தார்ச்சாலைக்கு மாறினேன். ஊன்றுகோலை வலியுள்ள கால் பக்கம் பிடிப்பதே இயல்பாகத் தோன்றும், எதிர்க்கையில் பிடித்தால்தான் மூட்டின் மேல் விழும் சுமை குறைகிறது. ஊரில் பார்த்தவர் எல்லாம் "கோலை மாற்றிப் பிடித்திருக்கிறீர்களே" என்று திருத்த வந்தார்கள்.

இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள பாம்பன் சாலைப் பாலம், நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிவதால், பின்னாளில் நல்ல பயிற்சிக்களம் ஆனது. சுற்றுலாப் பயணிகள் செல்பி எடுக்கத் திடீரென்று நிற்பதுதான் அங்கே காற்றைவிடப் பெரிய இடைஞ்சல். கடல்நீரில் இறங்குவதைப் புண் முழுமையாக மூடும்வரை தள்ளிவைக்க வேண்டும். உப்புநீர் புண்ணை ஆற்றும் என்ற நம்பிக்கை எங்கள் கரையில் வலுவாக உண்டு, ஆனால் வெதுவெதுப்பான கடல்நீரில் புண்வழி புகும் கிருமிகளும் உண்டு. ராமேசுவரம் கோயிலின் இருபத்திரண்டு தீர்த்தங்களையும் ஆட வேண்டும் என்று உறவினர் அழைத்தபோது, ஈரம் காயாத அந்தக் கல்தளத்தை நினைத்து மறுத்துவிட்டேன்.

ஓடுவது பற்றி என் மருத்துவர் ஊக்கம் தரவில்லை. டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரே 2019 ஜனவரியில் இடுப்பு அறுவை செய்து, அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்வெர்ப் போட்டியில் வென்றதை நான் எடுத்துக் காட்டினேன். அவருக்குச் செய்தது, எலும்புத் தலையை வெட்டி நீக்காமல் உலோகத் தொப்பி அணிவிக்கும் முறை. உலோகத்தோடு உலோகம் உரசும் அவ்வகை மூட்டுகளில் ஒன்று 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டதும் உண்டு. முழுதாக மாற்றிவைத்த இடுப்பு மூட்டுகளில், 25 ஆண்டுகள் கடந்தும் மறுபடி மாற்றத் தேவையில்லாமல் நிலைப்பவை சுமார் 58 விழுக்காடு என்று 2019-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஐம்பதைத் தாண்டிய எனக்கு அந்தக் கணக்கு பரவாயில்லை. பாம்பன் அண்ணன் என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். இன்னொரு அறுவை வரலாம் என்பதை மனத்தில் வைத்து, கடலுக்குப் போவதை விட்டுவிட்டு வலை கட்டும் வேலையையே முழுநேரமாக எடுத்துக்கொண்டார். வருமானம் முன்னைவிடக் குறைவுதான் என்கிறார்.