எஸ்பொசிட்டோ என்ற குடும்பப் பெயர்

அமெரிக்கத் தொடர்கள் பார்ப்பவர்களுக்கு ஜியான்கார்லோ எஸ்பொசிட்டோ என்ற நடிகரைத் தெரிந்திருக்கும். அவருடைய அப்பா இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக்காரர். ஜியான்கார்லோ என்பது ஜியோவான்னி, கார்லோ என்ற இரண்டு பெயர்களின் சேர்க்கை, ஜியான்லூக்கா, ஜியான்மார்க்கோ எல்லாமே இதே வகைதான். ஆனால் எஸ்பொசிட்டோ அப்படிச் சாதாரணமாகக் கடந்துபோகிற பெயர் இல்லை. வெளியே விடப்பட்டவர் என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது.

நேப்பிள்ஸில் அன்னுன்சியாத்தா என்ற தேவாலயமும் அதையொட்டி ஓர் அனாதை இல்லமும் இருந்தன. சுவரில் பதித்த சுழலும் மரப்பெட்டியில் தெருப்பக்கமிருந்து குழந்தையை வைத்துச் சுழற்றினால் உள்ளே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள், வைத்தவர் முகம் யாருக்கும் தெரியாது. வளர்க்க வழியில்லாதவர்களும் திருமணமாகாத தாய்மார்களும் அங்கே கொண்டுவந்து விட்ட குழந்தைகள் ஏராளம். பெயர் தெரியாத அத்தனை பேருக்கும் பதிவேட்டில் எஸ்பொசிட்டோ என்றே எழுதினார்கள். எழுதியவருக்கு வேலை எளிதாக முடிந்திருக்கும், ஆனால் அந்தக் குழந்தை எங்கே போய்ப் பெயரைச் சொன்னாலும் கூடவே தன் பிறப்புக் கதையையும் சொல்லியாக வேண்டும். இதை என்னால் கொடுமை என்றுதான் சொல்ல முடிகிறது.

நேப்பிள்ஸில் மட்டும் இல்லை. ஃபுளோரன்ஸில் 1445-இல் திறந்த இன்னொசெந்தி இல்லத்துக் குழந்தைகளுக்கு இன்னொசெந்தி, மிலானில் மருத்துவமனைச் சின்னமான புறாவை வைத்து கொலம்போ, ரோமில் புரொயெத்தி என்று குடும்பப் பெயர் வைத்தார்கள். அதற்காக ஒவ்வொரு கொலம்போவின் முன்னோரும் அனாதை என்று நினைத்துவிடக் கூடாது, அந்தப் பெயர் வேறு வழிகளிலும் வந்திருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேப்பிள்ஸை ஆண்ட முரா இந்தப் பெயரை இனி யாருக்கும் வைக்கக் கூடாது என்று தடை போட்டார். அன்னுன்சியாத்தாவின் சுழல்பெட்டியும் 1875-இல் மூடப்பட்டது. ஆனால் அதற்குள் பெயர் தந்தைவழியாகப் பரவிவிட்டது, அதாவது ஆண் குழந்தைகள் வழியாக மட்டும், பெண் குழந்தைகளின் பிள்ளைகளுக்குக் கணவன் வீட்டுப் பெயர் வந்துவிடும். ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லாத ஆயிரக்கணக்கானோர் இன்று நேப்பிள்ஸில் எஸ்பொசிட்டோக்களாக இருப்பது இப்படித்தான்.

இன்றைய இத்தாலியச் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி ஒன்று உண்டு: பெற்றோர் யாரென்று தெரியாத குழந்தைக்கு அந்த நிலையைக் காட்டிக்கொடுக்கும் பெயரையோ குடும்பப் பெயரையோ பதிவு அதிகாரி வைக்கக் கூடாது.