ஆறு டன்னா, பத்து டன்னா?

ஆறு டன் என்று எழுதியது நான்தான். கப்பலின் உறுதிக்குச் சான்று தரும் அமைப்பை கிளாஸ் என்போம். அதன் ஐந்தாண்டு சர்வே நெருங்கும்போது, கப்பலைப் பழுதுபார்க்கும் டாக்கில் ஏற்றும் முன்பே மாற்ற வேண்டிய இரும்புக்கு ஓர் எடை போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் யாரிடமும் விலை கேட்க முடியாது. உண்மையான எடை, கிளாஸ் ஒப்புதல் பெற்ற ஆட்கள் வந்து தகட்டின் தடிமனை அளந்து, சர்வேயர் சாக்பீஸால் கட்டம் போட்ட பிறகுதான் தெரியும். அதுவரை ஊகம். போன டாக்கிங் கணக்கைப் பார்த்து 6 என்று போட்டேன்.

விலை அனுப்பியவர்களில் கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒன்று பெரிய கப்பல் பழுதுபார்க்கும் யார்டு. டாக் வாடகை, ஏற்றி இறக்கும் கூலி, துரு எடுப்பது, பெயிண்ட் எல்லாம் மலிவு. இரும்பு மட்டும் கிலோ 18 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). மற்றவர் எங்கள் தோட்டத்துப் பையன். பையன் என்ன, ஐம்பதை நெருங்குகிறார். கேரித்தீவில் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது பந்திங்கில் பட்டறை வைத்திருக்கிறார். ஆற்றோரம் ஒரு சிலிப்வேயை, அதாவது கப்பலை நீரிலிருந்து இழுத்தேற்றும் சரிவுத் தளத்தை, வாடகைக்கு எடுத்து வேலை செய்கிறார். அவருடைய மற்றச் செலவுகள் 40,000 வெள்ளி கூடுதல். இரும்பு கிலோ 13. தாளின் அடியில் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: “6 டன் பத்தாது, 10 வைத்துக்கொள்ளுங்கள்.”

போட்டுப் பார்த்தால் 8 டன்னில் இரண்டும் சமம். 6 டன்னில் யார்டு 10,000 வெள்ளி மலிவு, 10 டன்னில் அவர் 10,000 வெள்ளி மலிவு. அடிப்படை வேலையில் இறக்கிக் கொடுத்துக் கூடுதல் வேலையில் பிடிப்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான். இரண்டு கணக்கையும் போட்டேன். முதலாளிக்காக மேலே போன தாளில் 6 டன் கணக்கின் பத்தி மட்டும் இருந்தது.

வேலை யார்டுக்குத்தான் என்ற முடிவு தெரிந்த பிறகு, பந்திங்கில் பசியாறப் போன இடத்தில் பட்டறைக்காரரைப் பார்த்தேன். கோபமாகவெல்லாம் இல்லை.

“அண்ணே, என் கணக்கை மேலே காட்டினீங்களா?”

“எல்லாருக்கும் ஒரே எடைதான் போடணும் தம்பி, அதான் முறை.”

“அது எனக்கும் தெரியும். காட்டினீங்களா?”

முதலாளிக்கு எல்லாம் தெரியும் என்பதுபோல ஏதோ சொன்னேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. என் தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

நான் சொன்ன முறை பொய்யில்லை. இரும்பு வேலை செய்பவரே இரும்பு கூடுதலாக வேண்டும் என்றால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஆனால் அவர் சும்மாவும் சொல்லவில்லை. கப்பலைப் பார்க்க வந்தவர்களில் கப்பலை நிலையாக வைக்க நீர் நிரப்பும் பாலாஸ்ட் டேங்குக்குள் இறங்கியது அவர் ஒருவர்தான். காற்றைச் சோதித்து, மேலே ஆள் நிறுத்தி, நானும் கூடவே இறங்கினேன். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு கணீரென்றது. பிரேம் அடியில் சேரும் மூலையில் சத்தம் செத்துப்போய் டொக்கென்று வந்தது. பெயிண்ட் கீழே, நகத்தால் பெயர்க்கும் அளவுக்குத் துரு அடுக்கடுக்காக இருந்தது. “பெயிண்ட்தாண்ணே நிக்குது” என்றார். இருந்தாலும் 10 மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு 78.5 கிலோ. கூடுதல் 4 டன் என்றால் ஏறக்குறைய 50 சதுர மீட்டர். ஒரு சுத்தியலை நம்பி அவ்வளவையும் எழுத முடியுமா?

அலுவலகத்தில் நாங்கள் ஒரே தோட்டம் என்பது எல்லாருக்கும் தெரியும். அவருக்குச் சாதகமான பத்தியை நானே சேர்த்தால் என்ன பேசுவார்கள் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அந்த வரியை முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தால் காட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் அவர் எங்கள் தோட்டத்தில் பிறந்ததுதான் அவருக்குப் பாதகமா?

சிலிப்வே விஷயமும் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மட்டம் உயரும் பெரிய ஏற்றத்தில்தான் எங்கள் கப்பல் அங்கே ஏறும். ஒரு முறை தவறினால் ஏறக்குறைய இரண்டு வாரம் போய்விடும். நீட்டிப்பு வாங்காமல் சர்வே தேதி தாண்டினால் கிளாஸ் சான்று நின்றுபோகும், கப்பலும் நிற்கும். யார்டைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதும். என்ன, இந்தக் காரணம் எனக்குத் தோன்றியது தாள் மேலே போன பிறகு.

அளந்து முடித்தபோது 8 டன்னைக் கொஞ்சம் தாண்டியது. ஆறும் இல்லை, பத்தும் இல்லை. பணத்தில் பார்த்தால் வித்தியாசம் என்று சொல்ல எதுவும் இல்லை. முதலாளிக்குத் திருப்தி. எனக்குத்தான் எரிச்சல். 6 வந்திருந்தால் அவர் வாயை அடைத்திருக்கலாம், 10 வந்திருந்தால் அவரிடம் போய் ஏதாவது பேசியிருக்கலாம்.

இப்போது படிவத்தில் இரண்டு பத்தி வைத்திருக்கிறேன், நான் போடும் எடைக்கு ஒன்று, அதைவிடக் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று. முதலாளி வழக்கம்போல் கடைசி வரியை மட்டும்தான் பார்க்கிறார். எந்தப் பத்தியின் கூட்டுத்தொகை அந்த வரியில் வர வேண்டும் என்பதை இன்னும் நான்தான் முடிவு செய்கிறேன்.