அம்மை போட்டதா இல்லையா: ஐஜிஜி டெஸ்ட் கொடுக்க வருகிறவர்களுக்கு

"சின்ன வயசுலயே அம்மை போட்டிருச்சுங்க" என்று அம்மா சொன்னால் அது பாதி பதில்தான். சேலத்துப் பக்கம் சின்னம்மையும் அம்மைதான், மணல்வாரி என்கிற தட்டம்மையும் அம்மைதான். இந்த டெஸ்ட் பார்ப்பது சின்னம்மையை மட்டும்தான். அதனால் சாம்பிள் எடுக்குமுன் லேப்பில் நாங்கள் கேட்பது இவைதான்: நீர் கோத்த கொப்புளமா, வெறும் சிவப்புத் தடிப்பா? பொருக்குத் தட்டி உதிர்ந்ததா? இரண்டு வாரம் கழித்து வீட்டில் இன்னொருவருக்கும் வந்ததா? பதில் தெளிவாக இல்லாதபோது ரத்தம்தான் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள், குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து தொடங்கப் போகிறவர்கள்தான் இதற்கு அதிகம் வருகிறார்கள்.

கேட்க வேண்டியது வேரிசெல்லா சோஸ்டர் ஐஜிஜி. வேரிசெல்லா சோஸ்டர் என்பது சின்னம்மை வைரஸ்; ஐஜிஜி என்பது அதற்கு எதிராக உடம்பில் தங்கியிருக்கும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம். சீட்டில் வெறுமனே 'வேரிசெல்லா' என்றிருந்தால் ஐஜிஎம் என்று பில் விழுந்துவிடுவதுண்டு. ஐஜிஎம் இப்போது தொற்று இருக்கிறதா என்று பார்ப்பதற்கானது. அது நெகட்டிவ் என்று வந்ததும் 'எனக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை' என்று பயந்துபோகிறார்கள். அந்த ரிப்போர்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பணம் கட்டுமுன் பில்லில் கடைசி எழுத்தைப் பாருங்கள்.

வெறும் வயிற்றோடு வர வேண்டாம், இட்லி சாப்பிட்டே வரலாம். சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயில் 3 முதல் 5 மில்லி எடுப்போம். அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து உறைந்ததும் சென்ட்ரிஃபியூஜ் என்கிற சுழற்றும் மெஷினில் சுற்றினால் மேலே சீரம் என்கிற தெளிந்த நீர் நிற்கும். அது இளமஞ்சளாக இருக்க வேண்டும். ரோஸ் நிறம் தட்டினால் சிவப்பணு உடைந்துவிட்டது என்று அர்த்தம், மறுபடி குத்த வேண்டிவரும். ஏற்காட்டுச் சாம்பிள்களில் இதைக் கவனிக்க வேண்டும். பிரிக்காத குழாயை ஐஸ் கட்டி மேலேயே படுக்கவைத்து, 20 கொண்டை ஊசி வளைவிலும் குலுக்கி இறக்கினால் அணு உடையத்தான் செய்யும். மலையிலேயே சுற்றிப் பிரித்து, சீரத்தை மட்டும் குளிர்பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். அந்த வசதி இல்லையென்றால் சேலத்துக்கே வந்து கொடுப்பது நல்லது. பல லேப்கள் இதை வெளியூருக்கு அனுப்பித்தான் பார்க்கின்றன. மாலையே ரிப்போர்ட் எதிர்பார்க்க வேண்டாம்.

டெஸ்ட் செய்யும் கிட்டுக்குக் கிட் அளவு மாறும். பக்கத்து வீட்டுக்காரர் ரிப்போர்ட்டோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள். உங்கள் தாளில் அச்சடித்திருக்கும் எல்லையோடு மட்டும் பாருங்கள். இரண்டுங்கெட்டானாக வந்தால் சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்கலாம், அப்போதும் அப்படியே என்றால் எதிர்ப்புச் சக்தி இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அண்மையில் ரத்தம் ஏற்றியவர்களுக்கு, கொடுத்தவருடைய ஆன்டிபாடியே பாசிட்டிவ் காட்டிவிடலாம். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலைக்காக என்றால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் பதியுங்கள். ஒரு இனிஷியல் மாறினாலும் சிக்கல்.

நெகட்டிவ் என்றால் தடுப்பூசி: 0.5 மில்லி, தோலுக்கடியில், இரண்டு டோஸ், 4 முதல் 8 வார இடைவெளி. அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லாததால் தனியாரில்தான் பெரும்பாலும் போட வேண்டியிருக்கும். எம்எம்ஆரும் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) பாக்கி இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் போடலாம், இல்லையென்றால் 28 நாள் இடைவெளி வேண்டும். இரண்டு டோஸும் முடித்தவர்கள் மறுபடி ஐஜிஜி எடுத்துக் குழம்ப வேண்டாம். சாதாரண கிட்டுகள் தடுப்பூசியால் வந்த எதிர்ப்புச் சக்தியைப் பல நேரம் பிடிக்காது. போட்ட தேதியுள்ள அட்டைதான் சான்று.

இந்தச் சின்னம்மைத் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ். கர்ப்பத்தில் போடக் கூடாது, போட்டபின் ஒரு மாதமாவது கர்ப்பமாவதைத் தள்ளிப்போட வேண்டும். கர்ப்பிணிகள் விஷயத்தில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். வாசலில் வேப்பிலை கட்டுவது கொப்புளம் தெரிந்த பிறகுதான். தொற்று அதற்கு 1, 2 நாள் முன்பே தொடங்கிவிடும். அந்த வீட்டுக்குப் போய்வந்த கர்ப்பிணி, தனக்கு அம்மை போட்டதா என்று தெரியாதவராக இருந்தால், கொப்புளம் வருகிறதா பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மகப்பேறு டாக்டரிடம் போய், அவசரம் என்று எழுதி வாங்கி ஐஜிஜி கொடுங்கள். நெகட்டிவானால் போட வேண்டிய, தயார் ஆன்டிபாடி உள்ள இம்யூனோகுளோபுலின் ஊசிக்குத் தொடர்பு ஏற்பட்டதிலிருந்து 10 நாள்தான் கெடு. அதை வரவழைக்கவே ஓரிரு நாள் ஆகிவிடலாம்.