கண்டனத் தீர்மானமும் நம்பிக்கையில்லாத் தீர்மானமும்: ஆட்சியியல் தாளில் மதிப்பெண் நழுவும் இடம்

நாடாளுமன்றத் தீர்மானங்களை வெறும் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்தவர்கள்தான் குரூப் 1 முதன்மைத் தேர்வில் அதிகம் தடுமாறுகிறார்கள். எதிர்க்கட்சி கையில் இருக்கும் ஒவ்வொரு கருவியையும் இப்படிக் கேட்டுப் படியுங்கள்: எந்த அவையில், எத்தனை பேர் ஆதரவோடு, நிறைவேறினால் ஆட்சிக்கு என்ன ஆகும்?

நம்பிக்கையில்லாத் தீர்மானம் மக்களவைக்கு மட்டுமே உரியது. மக்களவை நடைமுறை விதிகளில் இது விதி 198. அனுமதிக்கு 50 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. நிறைவேறினால் அமைச்சரவை முழுவதும் விலக வேண்டும். கண்டனத் தீர்மானத்துக்குக் காரணம் கட்டாயம். தனி அமைச்சர் மீதும் கொண்டுவரலாம். நிறைவேறினாலும் அரசு விலகத் தேவையில்லை.

பலர் சறுக்கும் இடம் 1999 ஏப்ரல். அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டதும் வாஜ்பாய் அரசு 269-270 என ஒரே வாக்கில் கவிழ்ந்தது. அது அவரே கோரிய நம்பிக்கைத் தீர்மானம். எதிர்க்கட்சியின் தீர்மானம் என்று எழுதினால் விடை தவறு. 1963இல் நேரு அரசுக்கு எதிராக ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்த முதல் தீர்மானத்திலிருந்து 2023 வரை எந்த நம்பிக்கையில்லாத் தீர்மானமும் வாக்கெடுப்பில் வென்றதில்லை. 1979இல் மொரார்ஜி தேசாய் வாக்கெடுப்புக்கு முன்பே விலகினார்.

அவையின் வழக்கமான அலுவலை நிறுத்தி அவசர விஷயத்தை விவாதிக்கக் கோரும் ஒத்திவைப்புத் தீர்மானத்துக்கும் 50 பேர் ஆதரவு வேண்டும். அரசைக் கண்டிக்கும் தன்மை அதில் இருப்பதால் மாநிலங்களவையில் இடமில்லை. விஷயம் திட்டவட்டமானதாக, அவசரமானதாக, அண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக ரயில் விபத்தை எழுதுங்கள். விலைவாசி உயர்வு தொடர்ந்து நடப்பது; அதற்கு வாக்கெடுப்பில்லாத விதி 193 விவாதமே பொருந்தும்.

அமைச்சகங்கள் செலவுக்குக் கேட்கும் தொகையை (மானியக் கோரிக்கை) குறைக்கச் சொல்வது வெட்டுத் தீர்மானம். அதில் தொகைகளைக் குழப்பாதீர்கள். கொள்கை வெட்டு மானியக் கோரிக்கையையே 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்கிறது. அடையாள வெட்டு 100 ரூபாயை மட்டும் கழிக்கச் சொல்கிறது. சிக்கன வெட்டில் குறிப்பிட்ட தொகை இருக்கும். இவை பெரும்பாலும் வாக்கெடுப்பு வரை போவதில்லை. கடைசி நாளில் மீதமுள்ள கோரிக்கைகளை விவாதமின்றி ஒட்டுமொத்தமாக நிறைவேற்றும் ‘கில்லட்டின்’ முறை அதற்கு ஒரு காரணம். இந்த வரி பல விடைத்தாள்களில் இருப்பதில்லை, கட்டாயம் சேருங்கள்.

பேச்சுரிமையின் எல்லையையும் எழுதுங்கள். அவையில் பேசியதற்காக உறுப்பினரை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என்கிறது அரசியலமைப்பின் பிரிவு 105. ஆனாலும் ஒருவர் மீது அவதூறான குற்றச்சாட்டு சொல்ல, சபாநாயகருக்கும் உரிய அமைச்சருக்கும் முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும். அது விதி 353. தகாத சொற்களைச் சபாநாயகர் விதி 380இன்படி அவைக்குறிப்பிலிருந்து நீக்கலாம்.