மூன்று முறை முழங்கால் மடக்க வேண்டும்

கத்தோலிக்கப் பூசையான திருப்பலியில் எழுந்தேற்றத்தின்போது அப்பத்தை உயர்த்திக் காட்டிய பிறகு ஒருமுறை, கிண்ணத்தை உயர்த்திக் காட்டிய பிறகு ஒருமுறை, நற்கருணை, அதாவது அர்ச்சித்த அப்பமும் இரசமும், உட்கொள்ளுமுன் ஒருமுறை என்று குருவானவர் முழங்கால் மடக்கி வணங்க வேண்டும். குருவாக இருந்த இத்தனை வருஷத்தில் நான் அதை எண்ணிப் பார்த்ததே இல்லை. கில்லன்-பாரே வந்து கால் இரண்டும் விழுந்த பிறகுதான் எண்ணினேன்.

நம் எதிர்ப்புச் சக்தியே நம் நரம்புகளைத் தாக்கும் நோய் அது. பாதத்தில் மரத்துப்போவதில் தொடங்கி மேலே ஏறும். எனக்கு நான்கே நாளில் கைக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கதை வேண்டாம், அதை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம்.

எட்டாவது மாதம் கைத்தடியோடு நடந்தேன். பங்குக்குத் திரும்பலாமா என்று மறைமாவட்டத் தலைவரான ஆயரைக் கேட்டேன். நிற்க முடியாத குரு உட்கார்ந்தே திருப்பலி நிறைவேற்றலாம் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 930-ஆம் எண்ணில் சொல்கிறது. மக்கள் முன்னிலையில் என்றால் மட்டும் ஆயரின் அனுமதி வேண்டும். அவர் உடனே கொடுத்துவிட்டார். எனக்குத்தான் மனசு வரவில்லை. பீடத்தில் நாற்காலியா? நின்றே செய்கிறேன் என்று வீம்பு.

முதல் மூன்று வாரம் வார நாட்களில் குருக்கள் பலர் சேர்ந்து நிறைவேற்றும் கூட்டுத் திருப்பலியில் ஓரமாக உட்கார்ந்தேன். மாலையில் அறையில் ஒத்திகை. கால்கூடப் பரவாயில்லை, விரல் நுனிதான் கடைசிவரை ஏமாற்றியது. உணர்ச்சி இல்லாததால் எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்றே தெரியாது. அர்ச்சிக்காத அப்பங்களைப் பிட்டுப் பழகினேன், பாதி நொறுங்கின. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கினால் விளிம்புவரை அலையடிக்கும். ஒருநாள் கோயில் வேலைகளில் உதவும் உபதேசியார் பார்த்துவிட்டார். "ரெண்டு கையாலயும் பிடிங்க சாமி, கீழ ஊத்துறதுக்கு அது எவ்வளவோ மேல்" என்றார். இவ்வளவு நாள் எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

பிறகு நானே பீடத்தில் நின்ற முதல் ஞாயிறு. ஒரே ஒரு பூசை. மறையுரை ஐந்தே நிமிடம். மக்களுக்கு அது பிடித்திருந்தது என்று சந்தேகப்படுகிறேன். நற்கருணை மன்றாட்டுகளில் சிறியதான இரண்டாவதை எடுத்தேன். முழங்கால் மடக்குவதற்குப் பதில், பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்து வணங்கினேன். மூன்றாவது முறை மட்டும் மடக்கித்தான் பார்ப்போமே என்று ஒரு நினைப்பு. திரும்பினால் பீடச் சிறுவன் என் முழங்கை அருகே வந்து நிற்கிறான். யார் சொல்லி வைத்தார்களோ! நினைப்பைக் கைவிட்டேன்.

நற்கருணை வழங்கும்போது கால் நடுங்க ஆரம்பித்தது. உதவிக்கு வந்திருந்த குருவானவர் நாற்காலியை நகர்த்தி வைத்தார், உட்கார்ந்துவிட்டேன். பெரியவர்கள் குனிந்து வாங்கினார்கள். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய பிள்ளைகள் மட்டும் நேருக்கு நேர். ஒருத்தி 'ஆமென்' சொல்லிவிட்டு நகரவே இல்லை. "வலிக்குதா சாமி?" என்றாள். "இல்லம்மா, வரிசை நிக்குது பாரு" என்றேன்.

அன்று மாலைவரை தூங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை உபதேசியாரை நானே கூப்பிட்டு, பீடத்துக்குப் பின்னால் நாற்காலி போட்டு வைக்கச் சொன்னேன். கைப்பிடி உள்ளதாகப் பார்த்து.