அம்பாசிடருக்கு ரப்பர் மாற்றிய கதை

அப்பா 1968ஆம் ஆண்டு வாங்கிய அம்பாசிடர் மார்க் 2, கும்பகோணத்தை அடுத்த எங்கள் கிராமத்து வீட்டில், வைக்கோல் போருக்குப் பக்கத்துக் கொட்டகையில் பதினோரு ஆண்டுகள் ஓடாமல் நின்றது. அதை மீண்டும் சாலைக்குக் கொண்டுவருவது என்று முடிவானபோது வந்து பார்த்தவர்கள் எல்லாரும் பெயின்டைப் பற்றியே பேசினார்கள். எனக்கோ, கதவைச் சாத்தியபோது, தண்ணீர் புகாமல் ஓரங்களை அடைக்கும் ரப்பர் பட்டையான பீடிங்கிலிருந்து உதிர்ந்த கறுப்புத் தூள்தான் பெரிய கவலையாக இருந்தது.

வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். காற்றில் உள்ள ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரில் இழுவிசைக்குக் குறுக்காக வெடிப்புகளை உண்டாக்குகிறது. அதனால்தான் கண்ணாடி பீடிங் மூலைகளில் முதலில் பிளக்கிறது. பழைய கடைகளில் பிரிக்காத பாக்கெட்டில் கிடைக்கும் 'ஒரிஜினல்' ரப்பரை நான் நம்பாததற்கும் காரணம் இதுவே. அதை மடித்துப் பார்க்கும்போது மடிப்பில் மயிரிழை போன்ற கோடுகள் தெரிந்தால், பெட்டிக்குள் இருந்தபடியே அதற்கு வயதாகிவிட்டது என்று பொருள்.

முதலில் முன்கண்ணாடியில் கைவைத்தோம். எங்கள் பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுவதால், பீடிங்கில் ஒரு சிறு பிளவு இருந்தாலும் கார்த்திகை முடிவதற்குள் மிதியடிக்குக் கீழே தண்ணீர் தேங்கிவிடும். பழைய பீடிங்கை அறுத்து எடுத்தபோது, கீழ் மூலைகள் இரண்டிலும் தகடு அப்பளம்போல் நொறுங்கியது. அந்தத் தகட்டை வெட்டி, புதிய தகடு வைத்துப் பற்றவைத்து, ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிட்ட பிறகே புதிய பீடிங்கைத் தொட்டோம். துருவின் மேல் ரப்பரைப் பொருத்தினால் துரு மறையுமே தவிர நிற்காது.

பொருத்தும் முறை எளிதானது, ஆனால் பொறுமை வேண்டும். பீடிங்கை முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் வெளிப்பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றை முழுச் சுற்றாகப் பதித்து, இரு முனைகளையும் கீழ் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக விட்டு, எங்கும் சோப்புத் தண்ணீர் தடவிக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை மெல்ல இழுக்க, ரப்பரின் உதடு தகட்டின் விளிம்பைத் தாண்டி உட்பக்கம் வந்து அமர்கிறது. எங்களுக்கு அரைநாள் ஆனது. "அவசரப்படாதீங்க தம்பி, ரப்பர் தானா வந்து உக்காரணும்" என்று மெக்கானிக் அண்ணன் மூன்று முறையாவது சொல்லியிருப்பார்.

பிரேக்கில்தான் அடி வாங்கினோம். அந்த வேலையை முதலில் வேறொரு பட்டறையில் கொடுத்திருந்தேன். அங்கே, சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் பிஸ்டன் இருக்கும் வீல் சிலிண்டரைப் பெட்ரோலில் கழுவி, ஆயில் கசியாமல் அடைக்கும் புதிய ரப்பர் கப்புகளுக்குச் சாதாரண கிரீஸ் தடவிப் பொருத்தியிருக்கிறார்கள். பத்து நாள் கழித்துப் பாபநாசம் போய்த் திரும்பியபோது முன்சக்கர டிரம் கை வைக்க முடியாத அளவு சுட்டது. கழற்றிப் பார்த்தால் கப்புகள் உப்பிப்போய், பிஸ்டனைப் பின்னுக்கு வரவிடாமல் பிடித்திருந்தன. பிரேக் ஆயில் கிளைகால் என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது, பெட்ரோலிய எண்ணெய் அல்ல. அதற்கென்று செய்த ரப்பர் பெட்ரோலும் கிரீஸும் பட்டால் ஊறிப் பெருத்துவிடும். எஞ்சின் ஆயில் சீலுக்கு ஏற்ற நைட்ரைல் ரப்பரோ பிரேக் ஆயிலைத் தாங்காது. ஆகவே புதிய ரப்பர் வாங்கும்போது, வடிவம் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே அது எந்தத் திரவத்தில் வாழப்போகிறது என்று கேட்க வேண்டும். இரண்டாம் முறை கப்புகளைப் பிரேக் ஆயிலில் மட்டும் நனைத்துப் பொருத்தினோம்.

பெட்ரோல் குழாய்களையும் அப்போதே மாற்றிவிட்டேன். இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் குழாயை மிருதுவாக்கிப் பிளந்துவிடும். சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கசிவு நேர்வதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வயலெலி கடித்த கிரோமெட்டுகளையும் (ஒயர் நுழையும் துளைகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள்) எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகளையும் மாற்ற ஒரு மாலைப் பொழுதே போதுமானதாக இருந்தது.

சக்கரத்தைத் தாங்கும் முன்பக்க ஆர்ம்களின் இணைப்பில் இருக்கும் ரப்பர் புஷ்களையும் பின்பக்கப் பட்டை வில் புஷ்களையும் மாற்றுவோர் பலர், வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முழுமையாக முடுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ் வழுக்கிச் சுழல்வதில்லை; முறுக்கித்தான் அசைவைத் தாங்குகிறது. தொங்கும் நிலையில் முடுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதே புஷ் முறுக்கிய நிலையில் இருந்து விரைவில் கிழிந்துவிடும். எனவே போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் இரண்டடி உருட்டி, பாரம் சக்கரத்தில் அமர்ந்த பிறகே கடைசி முடுக்கை முடுக்கினோம்.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த இரவு, டார்ச்சோடு கொட்டகைக்குப் போய் வண்டியை வெளியே நிறுத்தி, உள்ளே அமர்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். முன்கண்ணாடிப் பக்கம் ஒரு சொட்டும் இல்லை. இடது பின்கதவின் கீழ் ஓரத்தில் மட்டும் ஈரம் தெரிந்தது. அந்தக் கதவின் பீடிங்கை நாளை கழற்றப்போகிறேன்.